நூறாவது பெயர்

வலது பாதத்தை இடது பாதத்தின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு தூணோரமாக நிற்கிறாள் நதியா, பாவாடை விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிச் சிமெண்டுத் தரையில் சின்னதாக ஒரு வட்டம் கட்டுகிறது, கையில் மஞ்சள் பை, உள்ளே ஒன்றுமில்லை, வாங்கிப் போக வந்த காகிதம் நனையாமல் இருப்பதற்காகவே கொண்டுவந்த பை, வந்துச்சா மிஸ் என்று கேட்கிறாள், இன்னும் வரலம்மா என்று நான் சொல்கிறேன், என் மடியில் என் கைப்பை இருக்கிறது, கைப்பையின் இரண்டாவது அறையில், ஜிப்புக்குள், நான்காக மடித்து அவளுடைய மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது, பெயர், பிறந்த தேதி, வலது புருவத்தின்மேல் ஒரு தழும்பு என்று அங்க அடையாளம்வரை எல்லாம் என் கையெழுத்தில், கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து, ஊதா முத்திரை, இன்னும் வரலம்மா, எச்செம் கையெழுத்துப் போடணும், நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு ஜிப்பின்மேல் கையை வைத்துக்கொள்கிறேன், அவள் சரி மிஸ் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போகிறாள், போகிறாள், வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி தூணோரமாக நிற்கிறாள், வந்துச்சா மிஸ். இருபத்தொரு வருஷமாக இப்படித்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணை மூடினால் வருகிறாள், காய்கறிக் கடையில் மீதிக்காக நிற்கும்போது வருகிறாள், ஒரு நாள்கூட அவள் கோபித்துக்கொண்டதில்லை, கோபித்துக்கொண்டிருந்தால் நான் எப்போதோ பிழைத்திருப்பேன்.

இப்போது எதற்கு இதை எடுத்தேன், ஆமாம், இந்தத் தாள். எங்கள் கிளை நூலகத்தின் நூலகர் சாதிக், நல்ல பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது, யாரும் கேட்காத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர், இந்த மண்டலத்தில் மூடப்பட்ட மாநகராட்சி உயர்நிலைப் பள்ளிகளின் வரலாற்றை எழுதி நூலகச் சுவரில் மாட்டப் போகிறாராம், நீங்க முப்பத்திரண்டு வருஷம் டீச்சரா இருந்தவங்க, இந்தப் பக்கத்துலயே குடியிருக்கறவங்க மேடம், உங்களுக்குத் தெரியாததா, கட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கேன், நிரப்பிக் குடுத்தா போதும் என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார், ஆறு பள்ளிகள், ஆறு வரிசை, பள்ளியின் பெயர், தொடங்கிய ஆண்டு, மூடிய ஆண்டு, மூடிய காரணம். ஐந்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். உப்பளத் தெருப் பள்ளி, தெலுங்குவழி, கடலோரமாக வடக்கேயிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, கடைசி வருஷம் பத்தாம் வகுப்பில் அக்காவும் தங்கையுமாக இரண்டே பேர், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் தங்கையும் வரமாட்டாள், வகுப்புக்கே விடுமுறை. தோல்கிடங்குச் சந்து உருதுப் பள்ளி, கிடங்குகள் ஊருக்கு வெளியே போனதும் ஜனங்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். நூலாலைச் சாலைப் பள்ளி, அங்கே மணி அடிக்கிற வழக்கமே கிடையாது, மில் சங்குதான் மணி, மில்லை மூடிய மறுநாள் ஒன்பதே முக்கால்வரை பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டே இருந்தார்கள், ஆசிரியர்களும் உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டே இருந்தார்கள், யாருக்கும் பள்ளி தொடங்கிவிட்டது தெரியவில்லை. பெண்கள் பள்ளி, தற்காலிகமாக ஆண்கள் பள்ளியோடு இணைக்கிறோம் என்றார்கள், பாதிப் பெண்களைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள், தற்காலிகம் இன்றுவரை முடியவில்லை. மீன்பிடித்துறைப் பள்ளி, கட்டடம் விரிசல் விட்டது என்று கல்யாண மண்டபத்துக்குப் போய், அங்கிருந்து தொடக்கப்பள்ளி மாடிக்குப் போய், முகூர்த்த நாளில் விடுமுறை, மழை நாளில் விடுமுறை, அப்படியே கரைந்து போயிற்று. ஐந்துக்கும் காரணம் என்ற கட்டத்தில் மாணவர் எண்ணிக்கை குறைவு, மாணவர் எண்ணிக்கை குறைவு என்று எழுதிக்கொண்டே வந்தேன், ஆறாவது வரிசையில் கிடங்குத் தெரு உயர்நிலைப் பள்ளி, என் பள்ளி, பெயரை எழுதினேன், தொடங்கிய ஆண்டை எழுதினேன், மூடிய ஆண்டை எழுதினேன், அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

எண்ணிக்கை குறைவு, எவ்வளவு சுத்தமான வார்த்தை, யார்மேலும் பழி இல்லை, குளத்தில் தண்ணீர் வற்றுகிற மாதிரி தானாகக் குறைந்ததாம், நாங்கள் குறையவிடாமல் பிடித்து நிறுத்தியதெல்லாம் இந்தக் கட்டத்தில் எங்கே எழுதுவது. மே மாத வெயிலில் வீடு வீடாகப் போவோம், நானும் தமிழாசிரியரும் ஓவிய ஆசிரியரும், கையில் துண்டறிக்கை, இலவசச் சீருடை, இலவசப் புத்தகம், மதிய உணவு, பஸ் பாஸ், கூவி விற்பதுபோலப் பிள்ளை கேட்போம், சிலர் மோர் கொடுப்பார்கள், சிலர் டிவியை நிறுத்தாமலே தலையாட்டுவார்கள், ஒரு வீட்டில் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள், எல்லாம் சரி டீச்சர், உங்க புள்ள எங்க படிக்கிது. என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு, டையும் ஷூவும் போட்டு வேனில் ஏறிப் போகிற மெட்ரிகுலேஷன் பள்ளி. தமிழாசிரியர் இருமினார், அந்த அம்மா சிரித்துவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தோடு படி இறங்கியது இன்னும் காதில் இருக்கிறது, அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, வெயில்தான் பெரிதாகத் தெரிந்தது.

அந்த வருஷம் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தலை எண்ணுவார்கள் என்று தெரிந்துவிட்டது, ஆறிலிருந்து பத்துவரை நூறு பேர் இருந்தால் பள்ளி நீடிக்கும், ஒருவர் குறைந்தாலும் இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள், எங்களைப் பணிநிரவலில் எங்கே காலியோ அங்கே தூக்கிப் போடுவார்கள், தென்சென்னைக் கோடி என்று பேச்சு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், எனக்கோ வீட்டிலிருந்து பள்ளி ஐந்து நிமிஷம், மகனின் வேன் வந்து நிற்கிற நேரத்துக்குத் தெருமுனையில் நிற்க முடிகிற தூரம். எங்கள் பதிவேட்டில் சரியாக நூறு. நூறாவது பெயர் நதியா என்று சொல்ல மாட்டேன், அகர வரிசையில் அவள் நடுவில் எங்கோ இருந்தாள், ஆனால் போகப் போகிறவள் அவள் ஒருத்தி என்பதால் எனக்கு அவள்தான் நூறாவது.

அவள் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டதும் நானேதான், அதைச் சொல்லாவிட்டால் நான் என்னவோ பிறவிக் கொடுமைக்காரி என்று ஆகிவிடும். கிடங்குத் தெருப் பள்ளியில் விளையாட்டு மைதானம் கிடையாது, விளையாட்டு ஆசிரியரும் கிடையாது, கழிப்பறை கட்டுவதற்கு என்று ஒரு லோடு மணல் இறக்கினார்கள், கழிப்பறை வரவில்லை, மணல் கிடந்தது, வராந்தாத் தூணுக்கும் கொடிக் கம்பத்துக்கும் நடுவில் பிள்ளைகள் கயிறு கட்டித் தாண்டி மணலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள், மற்றவர்கள் எல்லாம் கயிற்றோடு சேர்ந்து விழுந்தார்கள், இவள் மட்டும் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு எட்டு ஓடி அந்தப் பக்கம் இருந்தாள், நடுவில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவே இல்லை, மறுபடி தாண்டு என்றேன், மறுபடி தாண்டினாள், நான் கணக்கு ஆசிரியை, எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கத்தான் தோன்றும், தையல் டேப்பை எடுத்துவந்து அளந்து, ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸ் எடுத்து அந்தத் தூணில் ஒரு கோடு கீறினேன், ஒரு மீட்டர் முப்பத்திரண்டு. பிறகு அதுவே எங்கள் இருவரின் வேலையாயிற்று, நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் கயிறு கட்டுவோம், ஒன்று முப்பத்தெட்டு, ஒன்று நாற்பது, தூணில் கோடு ஏறிக்கொண்டே போனது, ஒன்று நாற்பத்தெட்டில் கயிறு என் மூக்குக்கு நேராக வந்துவிட்டது, மிஸ் உங்களையே தாண்டிருவேன் போலக்குது மிஸ் என்று சிரித்தாள், மணல் ஒட்டிய அந்த முகம். நான்தான் அவளை மண்டலப் போட்டிக்கு அழைத்துப் போனேன், நான்தான் படிவம் நிரப்பினேன், தெற்கே ஓர் ஊரில் விளையாட்டு விடுதியோடு சேர்ந்த பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது, சாப்பாடு, தங்கல், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு, ஜூலை முப்பத்தொன்றுக்குள் மாற்றுச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். கடிதத்தை வகுப்பில் நின்று சத்தமாகப் படித்தவளும் நான்தான். அன்றைக்கு ஆகஸ்ட் ஒன்று என் நினைவில் இல்லை.

அவள் அப்பா எத்திராஜ் ஜூலை பதினொன்றாம் தேதி வந்தார். துறைமுகத்துக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர், குடிப்பார், தெருவில் விழுந்து கிடந்து நதியாவே போய்த் தூக்கிவந்த கதை பள்ளிக்கே தெரியும், அன்றைக்குக் குடிக்கவில்லை, இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார், காலையில் பிரேயருக்கு முன்னாலேயே வந்துவிட்டார், நதியா இன்னும் வரவில்லை, இன்னா டீச்சரம்மா கையெயுத்து போடணும்னாங்கோ, எங்க போடணும் சொல்லுங்கோ, பதினோரு மணிக்கு லோடுக்குப் போவணும் என்றார், என் பேனாவைக் கொடுத்தேன், பச்சை மை, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார், எழுதி முடித்துக் கீழே இரண்டு கோடு போட்டார், லாரிச் சீட்டுல ரெண்டு கோடு போட்டாத்தான் செல்லும்பாங்கோ என்று சிரித்தார், போகும்போது தூணருகில் நின்று கோடுகளைத் தடவிப் பார்த்து, இம்மா உசரமா எகிர்றா, நான் ஒரு தபாகூட பாத்ததில்ல டீச்சரம்மா என்றார். நீங்கள் சாயங்காலம் வாருங்கள், தாண்டச் சொல்கிறேன் என்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, அன்றைக்கு மேல் நான் கயிறே கட்டவில்லை.

அன்று மத்தியானமே தலைமையாசிரியர் குணசீலன் என்னைக் கூப்பிட்டார், ரொம்ப நல்ல மனிதர், அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன், சான்றிதழில் என் கண்முன் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து, பிறகு அதைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார், டீச்சர், இந்தப் பொண்ணு போயிட்டா தொண்ணூத்தொம்பது, தொண்ணூத்தொம்பது புள்ளைங்க ரோட்டத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும், கன்டெய்னர் லாரி ஓடுற ரோடு, பாதி நின்னுரும், ஒண்ணாந்தேதி தாண்டட்டும், ரெண்டாந்தேதி நானே அந்த ஊருக்கு போன் பண்ணிப் பேசறேன், ரெண்டு நாள் லேட்டானா சேத்துக்க மாட்டாங்களா. சேர்த்துக்கொள்வார்கள் என்று நானும் சொன்னேன், எனக்கு எப்படித் தெரியும், இருந்தாலும் சொன்னேன், ரோட்டைத் தாண்டுகிற தொண்ணூற்றொன்பது பிள்ளைகளை நினைத்துச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன், பொய், தெருமுனையில் வந்து நிற்கிற மெட்ரிகுலேஷன் வேனை நினைத்துச் சொன்னேன். இத நீங்களே வெச்சுக்குங்க டீச்சர், என் பீரோவுல இருந்தா எனக்கு மனசு கேக்காது, குடுத்துருவேன் என்று நீட்டினார். வாங்கி நான்காக மடித்துக் கைப்பையின் இரண்டாவது அறையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். இதெல்லாம் எங்கள் வட்டாரத்தில் புதிதல்ல, ஆகஸ்ட் தாண்டும்வரை டி.சி. கொடுக்காமல் இழுப்பது எல்லாப் பள்ளியிலும் உண்டு, யாரும் அதைத் தப்பு என்றுகூடச் சொல்லிக்கொண்டதில்லை, நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பிடித்து வைத்தல்.

பிறகு அவள் தினமும் வந்தாள், வகுப்புக்கும் வந்தாள், இடைவேளையில் வராந்தாத் தூணுக்கும் வந்தாள், ஆபீஸில் முத்திரை இல்லை என்றேன், சான்றிதழ்ப் புத்தகம் மண்டல அலுவலகத்தில் இருக்கிறது என்றேன், எச்செம் லீவு என்றேன், எச்செம் ஜன்னலில் அவள் பார்க்கும்படியே உட்கார்ந்திருந்தார், அவள் பார்த்தாள், சரி மிஸ் என்றாள். சாயங்காலக் கயிறு நின்றுபோயிற்று, எனக்குத் தலைவலி என்றேன். ஜூலை இருபத்தெட்டு, நல்ல மழை, நனைந்துகொண்டு வந்தாள், வலது பாதத்தை இடது பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு, மிஸ் நைனா கையெயுத்து போட்டுட்டேன்னு சொல்றாரு மிஸ், பதினோராந்தேதியே போட்டாராம், அப்பாலயும் இன்னாத்துக்கு மிஸ் லேட்டு என்று கேட்டாள், முதல் தடவையாக ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கு என்னிடம் முத்திரையும் இல்லை, லீவும் இல்லை, கைப்பை மடியில் கனத்தது, நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், உங்கப்பா வரவே இல்லையேம்மா. மூன்று வார்த்தை. வரவே இல்லையா மிஸ் என்று அவள் மெதுவாகத் திருப்பிக் கேட்டாள், இல்லம்மா, அன்னிக்கு எங்கேயாவது போயிருப்பார், உனக்குத் தெரியாதா என்றேன், உனக்குத் தெரியாதா என்றும் சொன்னேன், அதை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாம், ஒரு குடிகாரர்மேல் எதைச் சொன்னாலும் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது. மழையில் இறங்கிப் போனாள். அன்றைக்குச் சரி மிஸ் என்று சொல்லவில்லை. அப்பாவைக் கையோடு கூட்டிவந்து நிறுத்துவாள் என்று மூன்று நாள் பயந்துகொண்டிருந்தேன், கூட்டிவரவில்லை, அவரும் வரவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி தாண்டியது. ஒன்றாம் தேதி அதிகாரி வந்தார், கொடிக் கம்பத்தைச் சுற்றி வரிசையாக நிறுத்தினோம், முந்தின நாள் நானே அவளைக் கூப்பிட்டு, நாளைக்குக் கண்டிப்பா வந்துடும்மா, ஒரு பிள்ளையும் குறையக் கூடாது என்று சொல்லியிருந்தேன், வந்தாள், தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள், அதிகாரி விரலால் காற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போகிறார், தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு, குணசீலன் சார் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஓவிய ஆசிரியர் டீ வாங்க ஓடினார், எனக்கும் ஒரு டீ கொடுத்தார்கள், குடித்தேன், நன்றாக இருந்தது. இரண்டாம் தேதி அவள் வரவில்லை. மூன்று, நான்கு, வாரம் முழுக்க வரவில்லை. விடுதிக்கு போன் செய்த குணசீலன் சார், அவளுடைய இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம், ஒரு நாள் அவள் தெருவரை போனேன், குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள், திரும்பிவிட்டேன், கொடுத்தால் அவள் படிப்பாள், அப்பாவின் பச்சைக் கையெழுத்தைப் பார்ப்பாள், பதினொன்றாம் தேதியைப் பார்ப்பாள், நான் சொன்ன பொய் தெரிந்துவிடும், அதனால் ஜிப்புக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டேன். பத்து மாதம் கூடுதலாக ஓடியது பள்ளி. மறு வருஷம் கிடங்குத் தெருவின் பின்பக்கக் குடிசைகளை எடுத்து ஜனங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள், எண்ணியபோது அறுபத்தொன்று, பூட்டிவிட்டார்கள், என்னைத் தென்சென்னைக் கோடிக்கே போட்டார்கள், இரண்டு பஸ் மாறி ஒன்பது வருஷம் போனேன், மகனை வேனிலிருந்து இறக்கப் பக்கத்து வீட்டுப் பெண் நின்றாள். பள்ளியும் போயிற்று, நதியாவும் போனாள், இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை.

மேடம் அந்தக் கட்டடம் இப்ப சுகாதார நிலையம், போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துருவோமா என்று நேற்று சாதிக் கேட்டார், அங்கயே சீட்டு எழுதற வேலையில ஒரு அக்கா இருக்காங்க, அந்த ஸ்கூல்லதான் படிச்சாங்களாம், நதியான்னு பேரு, பேசறேன்னு சொல்லியிருக்காங்க. கைப்பைகள் எத்தனையோ மாறிவிட்டன, இரண்டாவது அறையில் இருப்பது மட்டும் பைக்குப் பை மாறி வந்துகொண்டிருக்கிறது, இதோ இன்று காலை அதோடு போய் நிற்கிறேன், வானம் மூடியிருக்கிறது, கொடிக் கம்பம் இருந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, கணக்கு மிஸ்ஸு என்று ஒரு குரல், சீட்டு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எழுந்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறாள், கனத்துப்போய், கண்ணாடி போட்டு, வலது புருவத்தின்மேல் தழும்போடு, மிஸ் அப்படியே கீறீங்க மிஸ் என்கிறாள், என்னைத் தூணருகே இழுத்துப் போகிறாள், எத்தனையோ தடவை வெள்ளையடித்து மஞ்சள் அடித்துப் பச்சை அடித்தும் பெயிண்டுக்கு அடியில் காம்பஸ் கோடு இருக்கிறது, பாரு தம்பி, இது நான் எகிர்ன உசரம், மிஸ்ஸுதான் போட்டாங்கோ என்று சாதிக்கிடம் காட்டுகிறாள், சாதிக் போனில் குரல் பதிவை ஓடவிட்டு அருகில் பிடிக்கிறார், அப்புறம் ஏன்க்கா ஹாஸ்டலுக்குப் போகல என்று கேட்கிறார். எங்க நைனா கவுத்துட்டாரு தம்பி என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள், ஒரே ஒரு கையெயுத்து, அத்த வந்து போடாம குடிச்சிட்டு எங்கியோ கெடந்துட்டு, போட்டேன் போட்டேன்னு சாதிச்சாரு, அன்னிலேர்ந்து நான் அவராண்ட பேசவேயில்ல, கண்ணாலத்துக்குக்கூட பேசல, ஆறு வருசம் ஆச்சு போய்ச் சேந்து, ஆஸ்பத்திரில கெடக்கச்சொல்லோகூட கையப் புடிச்சிகினு, போட்டேன்டி, டீச்சரம்மா பேனாவுல, பச்ச இங்கில போட்டேன்டின்றாரு, நான் கையை இஸ்துக்கினேன், சாவறப்பவும் பொய்யான்னு. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாள், மிஸ்ஸுக்குத் தெரியும், கேளு.

நான் ஒருத்தியைப் பிடித்து வைத்தேன் என்றுதான் இருபத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சை மை, பச்சை மை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அது என் கைப்பையில் இருந்தது, நான் எங்கோ காய்கறி வாங்கிக்கொண்டிருந்திருப்பேன். இப்போதும் தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், அவள் என் கையை இன்னும் விடவில்லை, எவ்வளவு அன்பான பிடி, இந்தப் பிடி எனக்கு வேண்டியிருந்தது, அதை நானே மெல்ல விலக்கிவிட்டு ஜிப்பைத் திறந்தேன். காகிதம் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது, நீட்டினேன், இன்னா மிஸ் இது என்று வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள், சீட்டு எழுதுகிறவளின் குரலில் சாதிக்குக்கும் கேட்கும்படி சத்தமாகவே படித்தாள், மாணவியின் பெயர் நதியா, தந்தையின் பெயர் எத்திராஜ், வலது புருவத்தின்மேல் ஒரு தழும்பு, நடத்தை நன்று, பெற்றோர் கையெழுத்து என்பதுவரை வந்து குரல் நின்றுவிட்டது. ஒரு விரல் அந்தப் பச்சை எழுத்துகளின்மேல் போயிற்று, கீழே இரண்டு கோட்டின்மேல் போயிற்று, முதல் கோடு, இரண்டாவது கோடு, மறுபடி முதல் கோடு. நைனாவுது, என்றாள். அவர் வந்தார், பதினொன்றாம் தேதி காலையில், குடிக்காமல் வந்தார், நான்தான் பொய் சொன்னேன், உன்னை எண்ணிக்கைக்காகப் பிடித்து வைத்தோம் என்றேன், என் குரல் எனக்கே வகுப்பெடுக்கிற குரலாகக் கேட்டது, சாதிக் பதறிப்போய்ப் பதிவை நிறுத்தக் கை வைத்தார், இருக்கட்டும் தம்பி, அணைக்காத என்றாள் அவள். பிறகு என்னிடம், ஒண்ணாந்தேதி லைன்ல வந்து நின்னேனே மிஸ், பூ வெச்சிகினு, அன்னிக்கு இது எங்க இருந்துச்சு. என் பையில், என்றேன். அவள் தலையை ஆட்டினாள், கணக்கில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்ட பிள்ளை ஆட்டுவதுபோல.

ஜன்னலருகே கூட்டம் சேர்ந்துவிட்டது, சீட்டும்மா சீட்டு என்று குரல்கள், காகிதத்தை இருந்த மடிப்பிலேயே நான்காக மடித்துத் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள், மன்னித்தேன் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றும் சொல்லவில்லை, ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அடுத்த ஆள் பேர் இன்னா என்று எழுதத் தொடங்கினாள், கை எழுதிக்கொண்டிருக்கிறது, கண்ணாடிக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, துடைக்கவில்லை, வயசு இன்னா, எத்தினி நாளா ஜொரம், போ உள்ள. சாதிக் என் முழங்கையைத் தொட்டு, போலாமா மேடம் என்றார், நீங்கள் போங்கள் தம்பி, அந்த ஆறாவது கட்டத்தில் இப்போது கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன், அவர் தயங்கித் தயங்கிப் போனார். மழை பிடித்துக்கொண்டது, சாரல் வராந்தாவுக்குள் அடிக்கிறது, தூணோரமாக நிற்கிறேன், பிடரியில் ஒன்று முப்பத்தெட்டோ ஒன்று நாற்பதோ ஏதோ ஒரு கோடு உறுத்துகிறது, புடவை விளிம்பிலிருந்து சொட்டித் தரையில் ஒரு வட்டம் கட்டுகிறது, கையில் பை, உள்ளே ஒன்றுமில்லை, கால் வலிக்கிறது, குனிந்து பார்த்தால் என் வலது பாதம் இடது பாதத்தின்மேல் இருக்கிறது, அவள் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருக்கிறாள், வரிசை குறைகிறது, மறுபடி சேர்கிறது, இந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண் என்னிடம், எவ்ளோ நேரமா நிக்கிறீங்கம்மா, உங்களுக்குச் சீட்டு வந்துச்சா என்று கேட்கிறாள், இன்னும் வரலம்மா என்கிறேன்.